நெஸ்டரின் கீழுதடு

நெஸ்டர் ஹவ்ரிலுக் டிரம்பெட்டை உதட்டில் வைத்தால், எங்கள் ஊர் ஸெலேனாவின் மன்றத்தில் ஒருவரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், ஆட எழுந்துவிடுவார்கள். அது அவனுக்கும் நன்றாகத் தெரியும் என்பதுதான் அவனிடம் இருந்த ஒரே தொந்தரவு. மீசையைத் தடவிவிட்டு, கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் மேடை ஏறுவான். யாராவது வேறு குழுவின் டிரம்பெட்காரனைப் புகழ்ந்தால் அன்று முழுக்க முகம் சுளித்துக் கிடப்பான். அதையெல்லாம் அறிந்தவள் என்பதால்தான் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாங்கள் மூவர். நெஸ்டர் டிரம்பெட், மெர்வின் ஸ்லிவா மார்பில் மாட்டித் துருத்தியை இழுத்து வாசிக்கும் அக்கார்டியன், நான் வெர்னா, டிரம்ஸ். நெஸ்டரும் மெர்வினும் கோதுமையும் கனோலா என்ற எண்ணெய்வித்தும் போடுகிற விவசாயிகள். நான் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். சனிக்கிழமையானால் யார்க்டன் நகரத்துக்கு வடக்கே எந்த உக்ரேனியக் கல்யாணமாக இருந்தாலும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். நெஸ்டரின் மகனுக்கு மெர்வின் ஞானத்தகப்பன். எங்கள் ஜனங்களிடையே அந்த உறவுக்குக் 'கூமே' என்று பெயர். கூடப்பிறந்தவனுக்கு ஒரு படி மேலே. அவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் நெஸ்டரின் கீழுதட்டில் ஒரு வெடிப்பு வந்தது. டிரம்பெட்டின் வாய் அழுத்தி வந்த புண் என்றான். களிம்பு தடவினான். ஆறுவதுபோல் ஆறி, மேலே பொருக்குத் தட்டி, மறுபடி பிளந்தது. பனி உருகி வயல் தெரிந்த பிறகும் அது அங்கேயேதான் இருந்தது. அவன் மனைவி அடெலின் வாக்குவாதம் செய்து நேரத்தை வீணாக்குகிறவள் இல்லை. விதை உருளைக்கிழங்கு வாங்கப் போகலாம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நேராக மருத்துவரின் வாசலில் நிறுத்தினாள்.

மருத்துவர் ஒகோரோ என்ற பெண்மணி நைஜீரியாவிலிருந்து எங்கள் பக்கம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் குளிரைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் எந்தப் பனிப்புயலிலும் மருத்துவமனையைத் திறக்காத நாளும் கிடையாது. புண்ணிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து அனுப்பினார். பதில் வந்ததும் இருவரையும் கூப்பிட்டார். அந்த அறையில் நடந்ததை அடெலின் பிறகு எனக்குச் சொன்னாள்.

புற்றுநோய்தான் என்று சொல்லி, சஸ்கடூன் நகரத்தில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் வாங்கியிருப்பதையும் சொன்னார் மருத்துவர். நெஸ்டர் கேட்ட முதல் கேள்வி, இது டிரம்பெட் ஊதியதால் வந்ததா என்பது.

"இல்ல. வெயில்தான் முதல் காரணம். சின்ன வயசுலேருந்து வயல்ல பட்ட வெயில். வெளுத்த தோல் வேற. இன்னொண்ணும் இருக்கு. அதை நான்தான் உங்ககிட்ட சொல்லணும்."

ரத்த அழுத்தத்துக்கு அவன் ஏறக்குறைய இருபது வருடமாக விழுங்கிவந்த மாத்திரை அது. நீளமான பெயர்; சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் என்பதால் எல்லோரும் நீர் மாத்திரை என்போம். ஸெலேனாவில் பாதி வீட்டு அலமாரிகளில் அது இருந்தது.

"அந்த மாத்திரை சாப்பிட்டா தோல் வெயிலைத் தாங்காது" என்றார் மருத்துவர். "ரொம்ப வருஷம் சாப்பிட்டவங்களுக்குத் தோல்லயும் உதட்டுலயும் கேன்சர் வர்றது கூடுதுன்னு ஆராய்ச்சி சொல்லுது. உங்களுக்கு அதனாலதான் வந்துச்சான்னு கேட்டா, தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது. ஆனா நாள் பூரா வெயில்ல நிக்கிற ஆளுக்கு அதை நான் முன்னாடியே மாத்தியிருக்கணும். கவனிக்காம விட்டுட்டேன்."

அடெலினுக்குக் கோபத்தில் காது அடைத்துக்கொண்டதாம். நெஸ்டர் மட்டும், இத்தனை வருடம் அந்த மாத்திரையைச் சாப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டான். உங்கள் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று மருத்துவர் திருப்பிக் கேட்டார். அவன் அப்பா மாட்டுக்கொட்டகையில் பக்கவாதம் வந்து விழுந்து, பேச்சே திரும்பாமல் செத்துப்போனவர். அப்போது நெஸ்டர் பள்ளிக்கூடப் பையன்.

"அப்போ அவருக்குக் கெடைக்காத வயசு எனக்குக் கெடைச்சிருக்கு" என்றான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அடெலின் பொரிந்து தள்ளினாள். புகார் எழுதப் போவதாகச் சொன்னாள். ஊர் எல்லையில் நெஸ்டர் வாய் திறந்தான்.

"எல்லாரும் கையை விரிக்கிற எடத்துல அந்தப் பொண்ணு 'என் தப்பு'ன்னா. எனக்கு அவளே போதும், அடெலின். விடு."

அடெலின் புகார் எழுதவில்லை. ஆனால் மருத்துவரிடம் முகம் கொடுத்துப் பேச அவளுக்கு வெகுநாள் ஆயிற்று. அதில் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

சஸ்கடூனில் மீசையை மழித்து, கீழுதட்டில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை இழுத்துத் தைத்தார்கள். கழுத்துக்குப் பரவவில்லை என்பது பெரிய நிம்மதி. திரும்பி வந்தவனின் வாய் சிறுத்து, ஒரு பக்கம் கோணியிருந்தது. உதடு ஒட்டிச் சொல்ல வேண்டிய எழுத்துகள் எல்லாம் காற்றாக வெளியேறின. மற்றவர்களிடம் சொல்லும்போது மெர்வின் என்பது எர்வின் ஆயிற்று. பீட்ரூட் சூப் குடித்தால் பாதி சட்டையில் வழிந்தது. அழகுக்கு அலைந்த மனிதன், ஜூன் மாத வெயிலில் கம்பளித் துண்டை மூக்குவரை சுற்றிக்கொண்டு திரிந்தான். தேவாலயத்துக்கு வருவதையும் ஊர் ஆட்கள் கூடிப் பேசும் கூட்டுறவுக் கடையின் காபி மேஜைக்கு வருவதையும் விட்டுவிட்டான்.

தையல் ஆறியதும் டிராக்டர் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு டிரம்பெட் ஊதிப் பார்த்தான். அடெலின் தோட்டத்திலிருந்து கேட்டிருக்கிறாள். வண்டிச் சக்கரத்தில் காற்று இறங்குவது போன்ற சத்தம்தான் வந்ததாம். பல நாள் முயன்றான். பிறகு ஒரு வியாழக்கிழமை, நாங்கள் மன்றத்தில் பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது டிரம்பெட் பெட்டியோடு வந்தான். எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். மன்றத்தின் அலமாரியில் அதை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினான்.

"நான் இனிமே ஊத மாட்டேன். வேணுங்கறவங்க எடுத்து ஊதட்டும். ஒருதரம்தான் சொல்லுவேன். இதுக்காக எவனும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு என் முன்னாடி நிக்கக் கூடாது."

மெர்வின் அக்கார்டியனின் பட்டியைச் சரிசெய்கிறவன்போல் குனிந்துகொண்டான். நான் குச்சிகளைத் தேடினேன். அவை என் கையிலேயே இருந்தன. நெஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளம் இழுக்கிறது என்று என்னைத் திட்டினான். அதன்பின் ஒரு பயிற்சிக்கும் அவன் வராமல் இருந்ததில்லை. தான் உயிராக வைத்திருந்த ஒன்றை மற்றவர்கள் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவன் கேட்டான், குறையும் சொன்னான்.

அவன் காபி மேஜைக்கு வராத அந்த வாரங்களில் அங்கே வேறொரு கதை வளர்ந்துகொண்டிருந்தது. நெஸ்டருக்குப் புற்றுநோய் வந்ததற்கு மாத்திரையும் காரணமாக இருக்கலாம் என்று அடெலின் தன் தங்கையிடம் சொன்னாள். அது காபி மேஜைக்கு வந்தபோது 'மாத்திரைதான் காரணம்' என்று ஆனது. அடுத்த வாரம், பிரஷர் மாத்திரை எல்லாமே கேன்சரைக் கொண்டுவரும், கம்பெனிக்காரர்களுக்கு அது தெரியும் என்று ஆனது. எல்மர் கின்ட்ராச்சுக் தன் மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். நானும் பிரஷருக்கு வேறொரு மாத்திரை சாப்பிடுகிறவள். பயந்துபோய் மருத்துவமனைக்கு ஃபோன் செய்தேன். தொடர்ந்து சாப்பிடுங்கள், உங்களுடையது அந்த வகை இல்லை என்றார்கள். அதைக் காபி மேஜையில் சொன்னேன். எல்மர் என்னைப் பார்த்துச் சிரித்தான், அவ்வளவுதான்.

மெர்வினும் அதே மேஜையில்தான் இருந்தான். அவன் பேசாத ஆள்.

ஆகஸ்டில் மெர்வினின் பேத்தி தான்யாவுக்குக் கல்யாணம். அதற்காக ஜூலையில் அடிக்கடி கூடினோம். ஒரு நாள் கொலமேய்க்கா வாசித்துக்கொண்டிருந்தோம். வட்டமாக நின்று ஆடும் வேகமான ஆட்டத்துக்கான பாட்டு அது. நடுவில் அக்கார்டியனின் கீழ்க்குரல் காணாமல் போயிற்று. வலது கை மெட்டு வாசிக்கிறது. இடது கை ஓசை இல்லை. விளையாடுகிறான் என்று நினைத்து நான் அடித்துக்கொண்டே இருந்தேன். நாற்காலியில் இருந்த நெஸ்டர் எழுந்தான்.

"நிறுத்து. கூமே, சிரி."

"எதுக்கு?"

"சிரிடா."

மெர்வின் சிரித்தான். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. மாதக்கணக்கில் கண்ணாடியில் கோணிய வாயைப் பார்த்துப் பழகியவன் நெஸ்டர். எனக்கு முந்தி அவன் கண்ணில் அது பட்டுவிட்டது. எனக்கு அதுவரை ஒன்றும் புரியவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னான், பக்கவாதம் என்று சொல்லச் சொன்னான். மெர்வினின் தோளிலிருந்து அக்கார்டியனைக் கழற்றி, அவனைத் தரையில் சாய்த்துத் தலைக்குத் தன் கம்பளித் துண்டை மடித்து வைத்தான். வண்டி வரும்வரை அவன் கையை விடவில்லை. பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டான்.

மெர்வினின் நாக்குக் குழறியது. ஆனாலும் தெளிவாகவே கேட்டது.

"உன்னைப் பாத்துட்டுத்தான் நிறுத்தினேன், கூமே."

அன்று நெஸ்டரின் முகத்தில் கண்ட கலக்கத்தை, புற்றுநோய் என்று தெரிந்தபோதுகூட நான் கண்டதில்லை.

யார்க்டன் மருத்துவமனையில் சரியான நேரத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மெர்வின் பிழைத்துக்கொண்டான். பேச்சு ஓரிரு நாளில் திரும்பியது. இடது கை விரல்கள்தான் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. சரியாக நாளாகும் என்றார்கள்.

மறுநாள் காலை நான் கூட்டுறவுக் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. நெஸ்டர். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அங்கே அவன் வருவது அதுதான் முதல் தடவை. துண்டு இல்லை. மேஜைக்கு எதிரே நின்றான். சிலர் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"நல்லாப் பாத்துக்கங்க. பாத்து முடிச்சதும் நான் பேசறேன்."

"முன்னைக்கு இப்பத்தான்டா பாக்கற மாதிரி இருக்க" என்றான் எல்மர்.

நெஸ்டர்தான் முதலில் சிரித்தான். எச்சில் வழிந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். நடுநடுவே துடைத்துக்கொண்டேதான் பேசினான். ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இது மாத்திரையால வந்திருக்கலாம். வெயிலால வந்திருக்கலாம். தொப்பி போடுன்னு அடெலின் கத்துனப்ப போடாத இந்த மண்டையாலயும் வந்திருக்கலாம். டாக்டரே தெரியாதுங்கறா. ஆனா நேத்து மெர்வின் எதனால விழுந்தான்னு எனக்குத் தெரியும். என் வாயைக் காட்டித்தான் இந்த ஊர்ல மாத்திரையை நிறுத்தினீங்க. நிறுத்தினவன் கையைத் தூக்கு."

ஒருவரும் தூக்கவில்லை. நெஸ்டர் நின்றுகொண்டே இருந்தான். எல்மர் காபிக் கோப்பையைக் கொஞ்சம் உயர்த்தினான். பிறகு அவன் பக்கத்தில் ஒரு கை. ஜன்னல் ஓரம் ஒரு கை. நான் நினைத்ததைவிட அதிகம் பேர் இருந்தார்கள்.

"அந்த எழவெடுத்ததை மறுபடி முழுங்கச் சொல்றியா?" என்றான் எல்மர்.

"அதையேதான் முழுங்குன்னு சொல்லலை. வேற மாத்திரை இருக்கு. எனக்கு மாத்திட்டா. எதை மாத்தணும், எதை விடணும்னு பாக்கறது அவ வேலை. கழிவறைல கொட்டறது உன் வேலை இல்ல."

"புதுசுல கேன்சர் வராதுன்னு என்ன நிச்சயம்?"

"எனக்குத் தெரியாது. அவளையே கேளு. கூட்டிட்டு வரேன்."

சொன்னபடி கூட்டிக்கொண்டு வந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், பூசை முடிந்ததும், மருத்துவர் ஒகோரோ எங்கள் மன்றத்துக்கு வந்தார். நெஸ்டர் ஒவ்வொரு பண்ணையாகப் போய் ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தான். உதடு ஒட்டாத வாயோடு ஃபோனில் பேசினால் யாருக்கும் புரியாது என்று நேரிலேயே போனானாம். ஜனங்கள் மாத்திரைப் புட்டிகளைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள். சிலர் காலிப் புட்டியோடு வந்தார்கள்.

மருத்துவர் எழுந்ததும் முதலில், நெஸ்டருக்கு மாத்திரையை முன்பே மாற்றாமல் விட்டது தன் பிழை என்று சொல்லத் தொடங்கினார். நெஸ்டர் நடுவில் புகுந்தான்.

"அது நம்ம ரெண்டு பேருக்குள்ள முடிஞ்ச பேச்சு, டாக்டர். இவங்க கேக்கறதைச் சொல்லுங்க."

எல்மர், புது மாத்திரையில் கேன்சர் வராது என்று என்ன நிச்சயம் என்ற தன் பழைய கேள்வியைக் கேட்டான்.

"நிச்சயம்னு சொல்ல மாட்டேன்" என்றார் மருத்துவர். "பிரஷர் மாத்திரைல எதை எடுத்தாலும் அதைப் பத்தி ஏதோ ஒரு காலத்துல ஏதாவது ஒரு சந்தேகம் வந்திருக்கு. பல சந்தேகம் ஆராய்ச்சில நிக்கலை. இந்த ஒண்ணு தோல் விஷயத்துல நின்னிருக்கு. அதுவும் எல்லாருக்கும் இல்ல. வெயில்ல நிக்காதவங்க, அந்த மாத்திரைக்கு நல்லாக் கேக்குற உடம்புக்காரங்க, அவங்களுக்கு அதையே விட்டுவைப்பேன். உங்களுக்கு மாத்துவேன், எல்மர். ஆனா மாத்திரையே இல்லாம உங்களை வீட்டுக்கு அனுப்பறதுக்கு எனக்குத் தைரியம் கெடையாது."

அன்று மருத்துவர் ஒவ்வொருவரின் பிரஷரையும் பார்த்தார்; காதையும் மூக்கையும் உதட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எல்மரின் பிரஷரைப் பார்த்துவிட்டு அவனை வண்டி ஓட்டவிடாமல் அங்கேயே உட்காரவைத்துவிட்டார். சமையலறையில் பெண்கள் முட்டைக்கோஸ் உருண்டைகளைச் சூடாக்கியிருந்தார்கள். ஒரு தட்டு நிறைய அடுக்கி அடெலினே மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை; அடெலின் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தாள்.

நெஸ்டர் அத்தோடு விடவில்லை. தினமும் வயல் வேலை முடித்து மெர்வின் வீட்டுக்குப் போனான். மேஜையில் பட்டாணியைக் கொட்டி, இடது கையால் ஒவ்வொன்றாக எடுக்கவைத்தான். மெர்வின் எரிந்து விழுந்தால் இவனும் எரிந்து விழுந்தான். கல்யாணம் நெருங்கியது. விரல்கள் பட்டாணியைப் பிடித்தன. அக்கார்டியனின் பொத்தான்களைப் பிடிக்கவில்லை. பக்கத்து ஊரான கனோராவிலிருந்து வேறொரு குழுவை ஏற்பாடு செய்தார்கள். பேத்தியின் கல்யாணத்தில் வாசிக்க வேண்டும் என்று அவள் பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன் மெர்வின்.

கல்யாணச் சாப்பாடு முடிந்து, மணப்பெண் தாத்தாவோடு ஆட வேண்டிய நேரம் வந்தது. மெர்வின் நின்று ஆடும் அளவுக்கு இன்னும் தேறவில்லை, உட்கார்ந்துதான் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்போது நெஸ்டர் மேடையில் இரண்டு நாற்காலிகளை நெருக்கிப் போட்டான். மெர்வினை ஒன்றில் உட்காரவைத்து, அக்கார்டியனை அவன் மார்பில் மாட்டினான். இடப்பக்க நாற்காலியில் தான் உட்கார்ந்து, துருத்தியை இழுக்கும் இடப்பட்டியில் தன் கையை நுழைத்தான். டிரம்ஸுக்கு வரச்சொல்லி என்னைப் பார்த்துத் தலையசைத்தான். அவர்கள் இதை மெர்வினின் சமையலறையில் ரகசியமாகப் பழகியிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என் விலாவுல இடிக்காத" என்றான் மெர்வின்.

"நீ மூச்சு விடறதை நிறுத்து, இடிக்க மாட்டேன்."

ஜோடியாக ஆடுவதற்கான மெதுவான ஒரு வால்ட்ஸ் மெட்டு. மெர்வினின் வலது கை மெட்டை வாசித்தது. நெஸ்டர் துருத்தியை இழுத்துத் தள்ளி, பொத்தான்களைத் தேடித் தேடி அழுத்தினான். பாதி தப்பு. நானும் அவர்களோடு சேர்ந்து தாளத்தை இழுக்க வேண்டியிருந்தது. தான்யா கொஞ்ச நேரம் மேடைக்குக் கீழே தனியாக நின்றாள். பிறகு மாப்பிள்ளை வந்து கையைக் கொடுத்தான். ஒவ்வொரு ஜோடியாக எழுந்து ஆடத் தொடங்கினார்கள். நெஸ்டரின் தாடையில் எச்சில் வழிந்தது. அவனுடைய ஒரு கை பொத்தான்களிலும் மறு கை அக்கார்டியனைத் தாங்கியும் இருந்தன; ஒரு கை சும்மா இருந்தவன் மெர்வின்தான். அவன் தன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை தளர்ந்த இடது கையால் இழுத்துக் கூமேயின் தாடையைத் துடைத்துவிட்டான். மெட்டு ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

இளமையில் நெஸ்டர் டிரம்பெட் ஊதி நான் கேட்டிருக்கிறேன். அது அழகு, யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒருவனைப் பக்கத்தில் இருந்து பார்த்து, இவனோடு ஒரே மேடையில் இருக்கிறேன் என்று நான் கர்வப்பட்டது அன்றுதான்.

அடுத்த வசந்தத்தில் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது, நெஸ்டரின் காது மடலில் ஒரு சிறு தடிப்பை மருத்துவர் கண்டார். அதுவும் அதே ஜாதிதான், ஆனால் ஆரம்பம். மரத்துப்போக ஊசி போட்டு அங்கேயே எடுத்துவிட்டார். நெஸ்டர் காதில் கட்டோடு நேராகக் காபி மேஜைக்கு வந்தான். யாரும் வாய் திறக்கும் முன் அவனே சொல்லிவிட்டான்.

"காது. சின்னது. எடுத்தாச்சு. இதை வெச்சு எவனாவது மாத்திரையை நிறுத்தினா வீட்டுக்கே வந்து ஒதைப்பேன்."

எல்மர் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். தன் காபியை நெஸ்டர் மெதுவாக, ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்து முடித்தான். பிறகு எழுந்தான். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு முன் விதைத்து முடிக்க வேண்டிய நிலம் அவனுக்கு இன்னும் பாக்கி இருந்தது.